பாவம் ஓரிடம், பழி ஓரிடம்!

அண்மையில் ஒரு தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். பூசை முடிந்து, சாப்பாட்டுப் பந்தலுக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். ஓர் இளைஞர் தம் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கார் ஓடுகிறது, ஸ்டீரிங் தானாகத் திரும்புகிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் அதைத் தொடவே இல்லை.

"காருதான் தானா ஓடுதே, அப்புறம் உள்ளே எதுக்குப்பா ஓர் ஆளு?" என்று கேட்டார் ஒருவர்.

செம்பனை ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, பழியை வாங்கிக்க ஓர் ஆளு வேணாமா தம்பி?"

எல்லாரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல் நம்மை விடவில்லை. பெரியவர் வேடிக்கையாகச் சொன்னது அமெரிக்காவில் உண்மையாகவே நடந்திருக்கிறது. அந்தக் கதையை நம் தோட்டத்துச் சகோதர சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டும். 'அமெரிக்காக்காரன் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

அன்றிரவு நடந்தது

2018-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு பத்து மணி ஆகப்போகும் நேரம். அரிசோனா மாநிலத்தில் டெம்பி என்ற நகர். 49 வயதுப் பெண்மணி ஒருவர், பைகள் தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். அந்த இடம் நடந்து கடப்பதற்கென்று கோடு போட்ட இடம் அல்ல. அப்போது அந்த வழியாக வந்தது ஊபர் கம்பெனியின் சோதனைக் கார். வோல்வோ வண்டியில் கம்பெனி தன் சொந்தக் கருவிகளைப் பொருத்தித் தானாக ஓடும்படி செய்திருந்தது. கார் அந்தப் பெண்மணியை மோதியது. அவர் இறந்துபோனார். தானாக ஓடும் கார் மோதி, சாலையில் நடந்து சென்ற ஒருவர் உயிரிழந்தது உலகத்தில் அதுவே முதல் தடவை.

காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண் ஊழியர் இருந்தார். அவர் வேலை ஓட்டுவது அல்ல, பார்த்துக்கொண்டிருப்பது. இயந்திரம் தவறினால் உடனே கைபோட்டுக் காரை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். ஆனால் காருக்குள் இருந்த காமிரா என்ன காட்டியது? அந்தப் பயண நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் அவர் கீழே குனிந்து பார்த்தபடி இருந்திருக்கிறார். அவருடைய தொலைபேசியில் ஒரு பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கடைசி விநாடியில் நிமிர்ந்து பார்த்தார். பிரேக் விழுந்ததோ, மோதிய பிறகு!

இது தவறா, இல்லையா? தவறுதான். சந்தேகமே வேண்டாம். காவலுக்கு என்று சம்பளம் வாங்கிவிட்டு வேறு எதையோ பார்ப்பது தவறு. வேலை நேரத்தில் தொலைபேசியைத் தொடக்கூடாது என்று கம்பெனியில் விதியும் இருந்தது. ஓர் உயிர் போய்விட்டது. தொழிலாளி என்பதற்காக அந்தத் தவறை நாம் மூடி மறைக்கப் போவதில்லை.

ஆனால் கதை அதோடு முடிந்துவிடவில்லை.

காருக்குள் என்ன இருந்தது?

அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தைத் துருவித் துருவி ஆராய்ந்து, 2019 நவம்பரில் தன் முடிவைச் சொன்னது. அதில் வெளிவந்த விஷயங்களைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்பே காரின் கருவிகள் அந்தப் பெண்மணியைக் கண்டுவிட்டன. கார் அப்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அதாவது முந்நூறு அடிக்கு மேல் தூரம் இருந்தது. நிறுத்தத் தாராளமாக இடம் உண்டு.

கண்டும் என்ன பயன்? இயந்திரத்துக்கு அவர் யார் என்று புரியவில்லை. ஒரு தடவை 'வாகனம்' என்றது. இன்னொரு தடவை 'ஏதோ ஒரு பொருள்' என்றது. பிறகு 'சைக்கிள்' என்றது. பெயரை மாற்றிய ஒவ்வொரு தடவையும், அந்த உருவம் அதுவரை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்ந்து வந்தது என்ற கணக்கை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. 'மனிதர்' என்று மட்டும் அது கடைசிவரை சொல்லவே இல்லை. ஏன் தெரியுமா? கோடு போடாத இடத்தில் மனிதர் குறுக்கே நடப்பார் என்ற எண்ணமே அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கப்படவில்லை!

தோட்டத்து ரோட்டில் எந்தப் பிள்ளை கோடு பார்த்துக் கடக்கிறது? எந்த ஊரிலும் மனிதர் அப்படித்தானே நடப்பார்கள்? இது அந்தக் கம்பெனியின் படித்த எஞ்சினியர்களுக்குத் தெரியாதா?

அடுத்த விஷயம் இதைவிட மோசம். வோல்வோ வண்டியில், ஆபத்து வந்தால் தானாகப் பிரேக் போடும் வசதி ஏற்கெனவே இருந்தது. ஊபரின் இயந்திரம் காரை ஓட்டும்போது அந்த வசதியை அடைத்து வைத்திருந்தார்கள். ஊபரின் இயந்திரமோ, 'மோதப் போகிறோம்' என்று கண்டுகொண்ட பிறகும் ஒரு விநாடி ஒன்றும் செய்யாமல் காத்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. தேவையில்லாமல் அடிக்கடி பிரேக் போட்டுவிடக் கூடாதே என்ற கவலை! அந்த ஒரு விநாடி கழிந்து, காருக்குள் எச்சரிக்கை ஒலி கேட்டபோது, மோதுவதற்கு இருந்த நேரம் 0.2 விநாடி. கண் இமைக்கும் நேரம்.

ஆகக் கூடி, இயந்திரம் தவறினால் பிடித்து நிறுத்துவதற்கு மிச்சமிருந்தது என்ன? அந்த இருக்கையில் இருந்த ஒரு பெண்ணின் இரண்டு கண்கள். வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு பேர் ஒருவரான கதை

அந்த வேலையில் முதலில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் சாலையைப் பார்ப்பார். மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, இயந்திரம் செய்யும் தவறுகளைக் குறித்துக்கொள்வார். பேச்சுத் துணையும் உண்டு, ஒருவர் அசந்தால் மற்றவர் தட்டி எழுப்பவும் முடியும். 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கம்பெனி அதை ஒருவராகக் குறைத்தது. அதன்பிறகு பார்ப்பதும் அவரே, குறிப்பதும் அவரே. அதே சாலை, அதே சுற்று, இராத்திரி நேரம், தனியாக.

காமிரா இருந்ததே, அதை யாராவது பார்த்தார்களா? மேலதிகாரிகள் நினைத்தால் பார்த்திருக்கலாம். ஆனால் எப்போதாவதுதான் பார்த்தார்கள் என்கிறது வாரியம். கம்பெனியின் அந்தப் பிரிவில் பாதுகாப்புக்கென்று முறையான திட்டமும் அப்போது இல்லை. அதற்கென்றே பொறுப்பான ஒரு மானேஜரும் இல்லை.

வாரியத்தின் தீர்ப்பு நேர்மையானது என்றே சொல்வோம். விபத்துக்கு உடனடிக் காரணம், ஊழியர் சாலையைப் பார்க்காமல் தொலைபேசியில் கவனம் வைத்ததே என்றது. அவர் விழிப்பாக இருந்திருந்தால் விபத்தைத் தவிர்த்திருக்கவோ சேதத்தைக் குறைத்திருக்கவோ நேரம் இருந்திருக்கும் என்றும் சொன்னது. ஆனால் அதோடு நிற்கவில்லை. ஆபத்தைச் சரியாக எடைபோடாதது, ஊழியர்களைச் சரிவரக் கண்காணிக்காதது, இயந்திரத்தை நம்பி மனிதர் அசந்துபோவதற்கு மாற்று ஏற்பாடு செய்யாதது ஆகியவையும் காரணம் என்று கம்பெனியை நேராகச் சுட்டியது. சோதனையைச் சரியாக மேற்பார்வையிடாத அரிசோனா அரசாங்கத் துறையையும் விட்டுவைக்கவில்லை. அந்தப் பெண்மணி கோடு இல்லாத இடத்தில் கடந்ததையும் குறிப்பிட்டது.

சரி, கோர்ட்டில் என்ன நடந்தது?

2019 மார்ச்சில், கம்பெனியின்மேல் குற்றவழக்குத் தொடர ஆதாரம் இல்லை என்று அரசாங்க வழக்கறிஞர் சொல்லிவிட்டார். 2020-இல் அந்த ஊழியர்மேல் மட்டும், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவானது. மூன்று வருஷம் அது இழுத்தது. 2023 ஜூலையில், மற்றவருக்கு ஆபத்து விளைவித்ததாகக் குறைக்கப்பட்ட குற்றத்தை அவர் ஒப்புக்கொண்டார். மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. கம்பெனியோ, விபத்து நடந்த மாதமே இறந்தவர் குடும்பத்தோடு சமரசம் செய்து முடித்துக்கொண்டது. 2020 டிசம்பரில் அந்தக் கார்ப் பிரிவையே வேறொரு கம்பெனிக்குக் கைமாற்றிவிட்டது.

ஐந்து பேர் சேர்ந்து செய்த பாவம்; ஒருவர் தலையில் இறங்கிய பழி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்!

மனிதக் கண்ணுக்கு அளவு உண்டு

"சும்மா பார்த்துக்கிட்டு இருக்கிற வேலைதானே? அதைக்கூட ஒழுங்கா செய்யக்கூடாதா?" என்று சிலர் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்கள்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பது உலகத்திலேயே கடினமான வேலைகளில் ஒன்று. இதை நாம் சொல்லவில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டிஷ் விமானப் படையில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், நேரம் போகப் போகத் திரையில் தெரிந்த அடையாளத்தைக் கோட்டைவிட்டார்கள். காரணம் என்ன என்று நார்மன் மெக்வொர்த் என்ற ஆராய்ச்சியாளர் சோதித்தார். கடிகாரம் போன்ற வட்டத்தில் ஒரு முள் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். எப்போதாவது ஒரு தடவை இரண்டு மடங்கு தாவும். அந்தத் தாவலைக் கண்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே ஆட்கள் தாவலைத் தவறவிடுவது அதிகமாகிவிட்டது. 1948-இல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது.

1983-இல் லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆங்கிலேய உளவியல் அறிஞர் இன்னும் ஒரு படி மேலே போய் எழுதினார். இயந்திரம் எவ்வளவுக்கெவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு வேலை குறைகிறது; கைப்பழக்கம் போகிறது. ஆனால் இயந்திரம் திடீரென்று கைவிடும் அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் அவர் மகா கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இது நடக்கிற காரியமா?

ஆகவே, அந்தப் பெண் குனிந்தது ஒரு தவறு என்றால், எந்த மனிதராலும் மணிக்கணக்கில் ஒழுங்காகச் செய்ய முடியாத வேலையைத் தனி ஆளிடம் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு. அரை மணி நேரத்தில் கவனம் சிதறும் என்பது எழுபது ஆண்டாக அச்சில் இருந்த விஷயம். கம்பெனி தெரிந்து செய்தாலும் குற்றம். தெரிந்துகொள்ளாமல் செய்தாலும் குற்றம்.

நம் கொட்டகையில் எரிந்த நெருப்பு

நாம் சிறு பிராயத்தில் இருந்த தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோடும் கொட்டகை ஒன்று இருந்தது. இராத்திரி முழுக்க அடுப்பில் விறகு போட வேண்டும். நெருப்பு அணைந்தால் ஷீட் கெடும். கூடினால் கொட்டகை போகும். அளவாக எரிய வேண்டும். அதற்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கண் அசந்தால் மற்றவர் பார்த்துக்கொள்வார்.

ஒரு வருஷம், செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்ததாம். இரண்டு பேர் ஒருவரானார். அந்த ஒருவரை நாங்கள் மாமா என்று கூப்பிடுவோம். இராத்திரி அடுப்பு, விடிந்ததும் சில நாள் புல்வெட்டு வேலைக்கும் போவார். சம்பளம் போதாத வீடு. "தனியா முடியலீங்க, இன்னோர் ஆளு குடுங்க" என்று கிராணியிடம் அவர் கேட்டதை ஊரே அறியும். எழுத்தில் மட்டும் எங்கும் இல்லை.

ஒரு நாள் விடியற்காலை கொட்டகை தீப்பிடித்தது. மாமா தூங்கிவிட்டார். ஆமாம், தூங்கித்தான் விட்டார். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. விசாரணையில் கேட்டது ஒரே கேள்வி: "நீ தூங்கினாயா, இல்லையா?" அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "தூங்கிட்டேனுங்க" என்றார். வேலை போயிற்று. வேலை போனால் லயத்து வீடும் போகும் அல்லவா? பாத்திரம் பண்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அந்தக் குடும்பம் போனதைப் பள்ளிக்கூடத்து வேலியோரம் நின்று பார்த்தோம்.

"இரண்டு பேரை ஒருவராக்கியது யார்?" என்ற கேள்வியை அன்று ஒருவரும் கேட்கவில்லை. டெம்பி நகரத்துச் செய்தியைப் படித்தபோது நமக்கு அந்த லாரிதான் ஞாபகம் வந்தது.

"அப்படியானால் தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா?"

இப்படிக் கேட்பவர்களுக்கும் பதில் சொல்லிவிடுவோம். பொறுப்பு உண்டு. காவலில் இருப்பவர் அலட்சியம் செய்தால் அவரைக் கேட்கத்தான் வேண்டும். இறந்துபோன அந்தப் பெண்மணியின் உயிருக்கு விலை உண்டு. 'கம்பெனிதான் எல்லாம்' என்று சொல்லித் தொழிலாளி கையைக் கழுவிக்கொள்ள முடியாது.

நமது வாதம் ஒன்றே ஒன்றுதான். பொறுப்பு அதிகாரத்தின் அளவுக்கு இருக்க வேண்டும். பிரேக்கை அடைத்து வைக்கும் அதிகாரம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. இரண்டாவது ஆளை எடுத்த அதிகாரமும் அவருடையது இல்லை. எத்தனை மணிக்கு, எத்தனை நேரம், எந்தச் சாலையில் என்று முடிவு செய்ததும் அவர் இல்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தது மட்டுமே அவர் செய்தது. அதற்கு அவர் பதில் சொன்னார். மற்றவற்றைச் செய்தவர்கள் கோர்ட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லையே, அது ஏன்?

இன்னொன்றையும் பாருங்கள். விபத்துக்குப் பிறகு ஊபர் மறுபடியும் சோதனையை ஆரம்பித்தபோது, காருக்கு இரண்டு ஆட்களைப் போட்டது. வோல்வோவின் பிரேக் வசதியைத் திறந்துவிட்டது. ஊழியர்களை உடனுக்குடன் கண்காணிக்கவும் ஏற்பாடு செய்தது. செத்த பிறகு செய்ய முடிந்ததைச் சாவதற்கு முன் செய்ய முடியாதா? முடியும் என்பதற்கு அவர்கள் செய்கையே சாட்சி.

அதே அரிசோனாவில், 2020 அக்டோபரிலிருந்து வேய்மோ என்ற கம்பெனி, ஓட்டுநர் இருக்கையில் ஆளே இல்லாத கார்களைப் பொதுமக்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தது. அதில் ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது? கம்பெனியைத்தான் கேட்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கம்பெனி. ஓர் ஆளை உட்கார்த்தி வைத்துவிட்டால் அந்த ஆள். இது என்ன நியாயம்? பெரியவர் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னது இதைத்தானே!

நம் பிள்ளைகளுக்கு

நம் அண்டையில் சிங்கப்பூரிலும் 2016-இலேயே, பொறியாளர் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்திருக்க, தானாக ஓடும் வாடகைக் கார்களைச் சோதித்தார்கள். கார் மட்டுமா? தோட்டத்தை விட்டுப் போன நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்று பார்க்கும் வேலையில் இருக்கிறார்கள்! பேரங்காடியில் பத்துப் பதினைந்து காமிராத் திரைகளை ஒருவரே பார்க்கிற வேலை. தொழிற்சாலையில் தானாக ஓடும் நாலைந்து இயந்திரங்களுக்கு ஒரே ஆள். ஆலையில் இராத்திரி ஷிப்டில் மீட்டரைப் பார்க்கிற வேலை. இயந்திரம் வரவர, கை செய்த வேலை போய்க் கண் செய்யும் வேலை மிஞ்சுகிறது. அந்த வேலையோடு பழியும் ஒட்டிக்கொண்டு வருகிறது.

ஆகவே, பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லி வையுங்கள். முதலாவது, காவல் வேலையில் தொலைபேசியைத் தொடாதே. அது உன் பங்கு. இரண்டாவது, தனியாக முடியவில்லை என்றால் வாயால் சொல்லாதே. எழுதிக் கொடு, ஒரு பிரதியை வீட்டில் வை. மாமாவிடம் அந்த ஒரு துண்டுக் காகிதம் இருந்திருந்தால் விசாரணையில் கேள்வியே மாறியிருக்கும். மூன்றாவது, எச்சரிக்கை மணியோ பிரேக்கோ அடைக்கப்பட்டிருந்தால், 'யார் உத்தரவு?' என்று கேட்டுக் குறித்துக்கொள்.

நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பான வேலை முறையும், பயிற்சியும், மேற்பார்வையும் தருவது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. தொழிலாளியும் தக்க கவனத்தோடு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு பேருக்கும் கடமை! 2024 ஜூன் முதல் தேதி நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையிடத்து ஆபத்துகளை முதலாளி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருத நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? அதைக் கையில் எடுத்துக் கேட்க ஆள் வேண்டும்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள ஒப்பந்தம் பேசும்போது வெள்ளிக் கணக்கோடு இதையும் பேசுங்கள். இயந்திரத்தைப் பார்க்கும் வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நிமிஷத்துக்கு ஒரு மாற்று, ஆளைக் குறைத்தால் யார் கையெழுத்து என்று எழுத்தில் வாங்குங்கள். விபத்து நடந்த பிறகு, 'தூங்கியது யார்?' என்று கேட்பதற்கு முன்னால், 'தனியாக விட்டது யார்?' என்ற கேள்வி விசாரணையில் எழ வேண்டும்.

மாமாவின் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போன லாரியை நாம் வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி. நம் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது. கேட்க வேண்டும்.